மேல்மாடியில் யாரும் இல்லை

அந்த லாட்ஜில் இருந்த சாவி அக்காவைப் பற்றி யாராவது கேட்டால், முதலில் நாலு திட்டுத் திட்டிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பேன். ஒரு பகல் பொழுது முழுக்க என் உயிரை எடுத்தவள் அவள். வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்கும் தெரியும். வேண்டுமென்று செய்கிறவர்களையாவது வாய் ஓயும் வரை திட்டித் தீர்த்துவிடலாம். நல்லவள் செய்த தப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். வேலையில் இருந்த காலமெல்லாம் அந்தக் கடலோர ஊருக்குத்தான் வண்டி ஓட்டினார். லீவுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவார், முகம் கழுவி ஒரு டீ குடிப்பார், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார். பஸ் ஸ்டாண்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். ஊர் உலகத்தையெல்லாம் கடலுக்குக் கொண்டுபோய் விட்ட மனுஷன் கடலில் கால் நனைத்ததில்லை என்றால் யார் நம்புவார்கள்? இஞ்சினைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஓட்டுகிற பழைய வண்டி அது. அந்த இரைச்சலில் ஒரு காது சுத்தமாகப் போய்விட்டது, இன்னொரு காது பாதி. கூடவே சர்க்கரை வியாதியும் வந்து ஒட்டிக்கொண்டது. சர்வீஸ் முடிந்து அவர் கொண்டுவந்தது இவ்வளவுதான்.

மகள் வீட்டுக்குப் போகிற வழியில் அந்த ஊரில் இறங்கியே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். "இந்த வெயில்ல எவனாவது கடலுக்குப் போவானா?" என்று கேட்டேன்.

"எவனும் போக மாட்டான். அதனாலதான் போறோம். கூட்டமே இருக்காது" என்றார்.

கூட்டம் இல்லை என்பது உண்மைதான். கடைத்தெருவில் ஷட்டர்கள் எல்லாம் இறங்கிக் கிடந்தன. ஐஸ்கிரீம் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி, பறந்துவிடாமல் கயிறு கட்டியிருந்தார்கள். நடு ரோட்டில் ஒரு நாய் படுத்திருந்தது, எங்கள் ஆட்டோ ஹாரன் அடித்தும் அது தலையைத் தூக்கவில்லை, ஆட்டோதான் ஒதுங்கிப் போனது. லாட்ஜில் மேனேஜர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பேச்சுக்குச் சொல்லவில்லை, பேப்பரை நீளவாக்கில் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நிஜமாகவே ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

எங்களுக்குக் கீழே ஒரு அறை கொடுத்தார். ஜன்னலைத் திறந்தால் சமையலறையின் பின்சுவர். இவர் முகம் தொங்கிப்போய்விட்டது. மறுபடி வராந்தாவுக்குப் போய், "மேல கடல் தெரியிற மாதிரி ரூம் இருக்குமே தம்பி?" என்று கேட்டார்.

"மேல்மாடி சீசனுக்குத்தான் சார் திறக்கிறது. ஃபியூஸையே புடுங்கியாச்சு. லைட்டு கிடையாது, ஃபேன் கிடையாது, பெல் அடிச்சா கூட கேட்காது" என்றார் மேனேஜர்.

"எனக்கு எந்த பெல்லும்தான் கேட்காது" என்றார் இவர். மேனேஜர் சிரித்தாரே தவிர ரூம் கொடுக்கவில்லை.

சாவி அக்காவை நான் பார்த்தது மறுநாள் காலையில். பின்பக்கம் துணி துவைக்கிற கல் அருகே குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். நாற்பது தாண்டியிருக்கும். இடுப்பில் ஒரு பெரிய வளையம், அதில் கொத்தாகச் சாவிகள், நடந்தால் அவளுக்கு முன்னால் அந்தச் சத்தம்தான் வரும். மேனேஜரிலிருந்து பால்காரர் வரை எல்லாருக்கும் அவள் சாவி அக்கா. வேடிக்கை என்னவென்றால், கடல் காற்றின் உப்பில் அந்த மாடிப் பூட்டுகள் எல்லாம் இறுகிப்போய்ப் பல வருஷம் ஆகிவிட்டதாம். வெளித் தாழ்ப்பாள்தான் எல்லாக் கதவுக்கும். சாவிகளைச் சும்மா சுமக்கிறாள்.

"அப்புறம் எதுக்கும்மா இந்தச் சுமை?" என்று கேட்டேன்.

"கழட்டி வெச்சா யாரும் என்னைத் தேட மாட்டாங்கம்மா. இது சத்தம் போட்டாத்தான் நான் இருக்கேன்னு தெரியும்" என்றாள்.

கல்யாணமான புதிதில் அங்கே வந்தவள். புருஷன் அந்த லாட்ஜின் வாட்ச்மேன். "இப்ப எங்கே?" என்று கேட்டுத் தொலைத்தேன். நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"போயிட்டாரும்மா" என்றாள். நான் உச்சுக்கொட்டியதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, செத்தெல்லாம் போகலை. நல்லாத்தான் இருக்காரு, வேற ஒருத்தி வீட்ல."

ஒரே மகள், தூரத்து ஊரில் தையல் கம்பெனியில் வேலை. சீசனில் வந்தால் அம்மா முகத்தைப் பார்க்கக்கூட நேரமிருக்காது என்று இந்த மாதிரி வெயில் மாதத்தில்தான் வருவாளாம். அடுத்த வாரம் வருகிறாள் என்று சொல்லும்போது முகம் மலர்ந்தது. மாடிப்படிக்கு அடியில் இருந்த ஸ்டோர் ரூம்தான் வீடு. நான் எட்டிப் பார்த்தேன். ஒரு பாய், ஒரு ஸ்டவ், சர்க்கரை டின், டீத்தூள் டின், ஆணியில் மகளுக்கென்று துவைத்து மடித்துத் தொங்கவிட்ட ஒரு துண்டு. சாய்ந்த கூரை, உள்ளே நேராக நிற்க முடியாது.

"சீசன் இல்லாதப்ப உனக்கு என்ன வேலை?" என்றேன்.

"இப்பதான்மா நெஜமான வேலை. ஆளு இருந்தா ரூமை ஆளே பாத்துக்குவாங்க. ஆளில்லாத ரூமை உப்பு தின்னுடும்." தன் கணக்கைச் சொன்னாள். காலையில் எல்லா அறையையும் திறந்து, மெத்தைகளை நிமிர்த்திக் கட்டிலோடு சாய்த்து நிறுத்துவாள். கடல் காற்று கிளம்புவதற்கு முன்னால் எல்லா ஜன்னலையும் சாத்துவாள். பிறகு தரை துடைப்பு. தரை காயும் வரை கதவுகள் திறந்திருக்கும். அந்த நேரத்தில் படிகளைத் துடைத்துவிட்டு, கடைசியாக மேலே போய் வரிசையாகக் கதவை இழுத்துத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டே வருவாள். சாயங்காலம் வெயில் இறங்கியதும் காற்றுக்காக இன்னொரு தடவை திறந்து, இருட்டுவதற்குள் சாத்துவாள்.

"கதவைப் போடறப்போ உள்ளே ஒரு தடவை பாக்க வேண்டாமா?" என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. யாருக்குத் தோன்றும்? மேல்மாடியில்தான் யாரும் இல்லையே.

பேசிவிட்டு அறைக்கு வந்து குளித்து முடித்து வெளியே வந்தால், இவர் கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் தம்ளரைக் கீழே வைக்கிறார். பக்கத்தில் பிரித்துப் போட்ட மாத்திரை அட்டை.

"மாத்திரையைப் போட்டாச்சா?"

"வழக்கமா இந்த நேரம் போடறதுதானே."

"வழக்கமா இந்த நேரம் நான் தட்டோட நிப்பேன். இங்க அடுப்பு எங்க இருக்கு, சாப்பாடு எங்க இருக்கு?"

லாட்ஜின் சமையலறை பூட்டிக் கிடந்தது. சமையல்காரர் சீசனுக்குத்தான் வருவார். பையைக் குடைந்தேன். வழிக்கென்று வாங்கிய பிஸ்கட்டை முந்தின நாள் பஸ்ஸிலேயே ஐயா காலி பண்ணியிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த மாத்திரை உள்ளே போனால் சாப்பாடும் பின்னாலேயே போயாக வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். போகாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். ஒரு தடவை பேங்க் வரிசையில் அப்படித்தான் வியர்த்துக்கொட்டி, வாய்க்கு வந்ததை உளறி, நின்ற இடத்திலேயே சரிந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆளே போயிருப்பார் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

"நான் போய் டிபன் வாங்கிட்டு வந்துடறேன். நான் வர்ற வரைக்கும் கடல் பக்கம் போகக் கூடாது. கடல் எங்கயும் ஓடிப் போகாது. புரியுதா?" என்று நல்ல காதுப் பக்கம் போய்ச் சொன்னேன்.

"கடலுக்குப் போகலை" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

அந்த ஊரிலேயே திறந்திருந்தது பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரே ஒரு கடை. போனால் அங்கே அடுப்பே எரியவில்லை. "ஆளு வந்தாத்தாம்மா பத்த வைக்கிறது. உக்காருங்க" என்றார் கடைக்காரர். உட்கார எனக்கு எங்கே நேரம்? மனுஷன் தீப்பெட்டியைத் தேடினார். தீப்பெட்டி கிடைத்ததும் பாத்திரத்தைத் தேடினார். பாத்திரம் கிடைத்ததும் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பொட்டலத்தைக் கையில் வாங்கி ஓட்டமும் நடையுமாக வந்தபோது தார் ரோட்டின் சூடு செருப்பைத் தாண்டி ஏறியது.

அறைக் கதவு திறந்திருந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. போன் சார்ஜில் கிடந்தது. இவரைக் காணோம்.

பாத்ரூமைத் தட்டிப் பார்த்தேன். வராந்தாவுக்கு ஓடினேன். "எங்க வீட்டுக்காரர் வெளிய போனாரா தம்பி?"

மேனேஜர் எழுந்து நின்று, "இல்லையேம்மா, நான் இங்கேயேதான் இருக்கேன்" என்றார். கன்னத்தில் மேசை விளிம்பு பதிந்திருந்தது. தூங்கி எழுந்த முகம்.

கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். அங்கே கடலுக்குப் போகிற சின்ன இரும்புக் கேட், கேட்டை ஒட்டி மணல் காலைக் கழுவ ஒரு குழாய், செருப்பு வைக்க ஒரு ஸ்டாண்டு. காலியான அந்த ஸ்டாண்டில் ஒரே ஒரு ஜோடிச் செருப்பு இருந்தது. வலது செருப்பின் குதிகால் மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. ஆக்சிலேட்டர் மிதித்தே பழகிய கால், எந்தச் செருப்பு வாங்கினாலும் அப்படித்தான் தேயும். இவருடையதேதான்.

அதை ஏன் கையில் எடுத்தேன், எப்படி மணலுக்கு வந்தேன் என்பதெல்லாம் நினைவில்லை. கரையில் சிவப்புக் கொடி ஒன்று குச்சியில் படபடத்துக்கொண்டிருந்தது. கண்ணுக்கெட்டிய வரை மனித நடமாட்டம் இல்லை. காற்று பலமாகக் கிளம்பி, காலடித் தடம் எதையும் விட்டுவைக்காமல் மணலைச் சீவிக்கொண்டு போனது. டிபன் பொட்டலம் என் கையிலிருந்து எப்போதோ விழுந்துவிட்டது.

"ஏங்க! ஏங்க!" என்று கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து ஏங்க என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன், வேறு எதுவும் வாயில் வரவில்லை. கடலைப் பார்த்து ஏங்க என்று கத்தினால் எந்தப் புருஷன் திரும்புவான்? அதிலும் பாதிக் காது உள்ளவன்.

கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் படுத்திருந்த ஒருவர் எழுந்து வந்தார், படகுக்காரர். செருப்பைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். "இந்தப் பக்கம் யாரும் வரலையேம்மா" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நானும் கொஞ்சம் கண்ணசந்துட்டேன்" என்றார்.

"ஊரே தூங்குதா இங்க?" என்று அவர் மேல் பாய்ந்தேன். பாவம், அவருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்.

மாத்திரை, சர்க்கரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிப் படகின் மேல் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார். இடுப்பளவு, மார்பளவு. ஒரு இடத்தில் நின்று காலால் துழாவினார். கரைக்கு வந்த மேனேஜரிடம், "இங்கதான் சார் அந்தப் பள்ளம்" என்று மட்டும் சொன்னார். மேனேஜர் என் பக்கம் பார்க்காமல் தலையை ஆட்டினார். அவர்கள் இரண்டு பேரும் எதைத் தேடுகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. உயிரோடு இருக்கிற ஆளை யாரும் காலால் துழாவித் தேட மாட்டார்கள்.

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். சூடு தெரியவில்லை. மகளுக்குப் போன் பண்ண வேண்டும், என்னவென்று சொல்வது, அப்பா கடல் பார்க்க ஆசைப்பட்டார் என்றா? அந்தப் பாழாய்ப்போன கடைக்காரர் ஒரு தீப்பெட்டியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கக் கூடாதா? கோபம்தான் வந்தது. அழுகை வந்தால் அவர் போய்விட்டார் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் சாவிச் சத்தம் கேட்டது.

பின்பக்க ஷெட்டில் மோட்டாரைப் போட்டுவிட்டுப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தாளாம், இந்தக் களேபரம் எதுவும் அவள் காதில் விழவில்லை. மோட்டாரை நிறுத்திய பிறகுதான் சத்தம் கேட்டு வந்திருக்கிறாள். கைகளில் சோப்பு நுரை காயவில்லை. "என்னம்மா ஆச்சு?" என்றாள்.

செருப்பைத் தூக்கிக் காட்டினேன்.

அவள் செருப்பையே பார்த்தாள். பிறகு தண்ணீருக்குள் நிற்கிற படகுக்காரரைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

"அம்மா, இந்தச் செருப்பை அவரு கேட்டுப் பக்கம் விடலை" என்றாள். "மாடிப்படிக்குக் கீழ கெடந்தது. கெஸ்ட்டு செருப்பு மணலோட உள்ள கிடந்தா சார் திட்டுவாரு. நான்தான் எடுத்துக் கொண்டுபோய் ஸ்டாண்டுல வெச்சேன்."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவள் திரும்பி லாட்ஜைப் பார்த்தாள். மேல்மாடி ஜன்னல்கள் வரிசையாகச் சாத்திக் கிடந்தன. கடைசி அறையின் ஜன்னல் கதவு ஒன்று மட்டும் காற்றில் திறந்து திறந்து அடித்துக்கொண்டிருந்தது. மணலில் ஓடிவந்தபோது நானும்தான் அதைப் பார்த்தேன். ஜன்னல் என்று பார்த்தேன், அவ்வளவுதான்.

"நான் எல்லா ஜன்னலையும் சாத்தினேன்மா" என்றாள். "அதுக்கப்புறம் கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டேன்."

சொல்லிவிட்டு ஓடினாள். செருப்பில்லாத கால், கொதிக்கிற மணல், இடுப்பில் அந்தச் சாவிக் கொத்து. நான் அவள் பின்னால் எப்படி ஓடினேன் என்று கேட்காதீர்கள், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிற உடம்பு இது. மேனேஜர் எங்களுக்குப் பின்னால், "மேல யாரும் இல்லைம்மா, மேல யாரும் இல்லை" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கடைசிக் கதவின் தாழ்ப்பாள் உப்பில் சிக்கிக்கொண்டு வரவில்லை. காலையில் சுலபமாக விழுந்த தாழ்ப்பாள், இப்போது வரவில்லை. அவள் இடுப்பிலிருந்த சாவிக் கொத்தைக் கழற்றி அதாலேயே ஓங்கி ஓங்கி அடித்தாள். விரல் முட்டியில் தோல் உரிந்தது. நான் கதவில் கையால் அறைந்து, "ஏங்க" என்றேன். உள்ளே சத்தமில்லை. நாலாவது அடியோ ஐந்தாவது அடியோ, தாழ்ப்பாள் பின்னால் போனது.

அடுப்பங்கரையில் நுழைந்த மாதிரி சூடு அடித்தது. வாசலிலிருந்து பார்த்தால் நிமிர்த்தி நிறுத்திய மெத்தை மட்டும்தான் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஜன்னலுக்குக் கீழே, சுவரில் சாய்ந்தபடி தரையில் கிடந்தார் என் வீட்டுக்காரர். சட்டை உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. வாய் மட்டும் அசைந்தது. காதை வைத்துக் கேட்டேன். "ஏறியாச்சா... எல்லாரும் ஏறியாச்சா... எடுக்கலாமா" என்றார்.

"சர்க்கரை வேணும்" என்று கத்தினேன். டிபன் பொட்டலம் கடற்கரையில் கிடக்கிறது, சமையலறை பூட்டிக் கிடக்கிறது. சாவி அக்கா ஏற்கனவே படிகளில் இறங்கிக்கொண்டிருந்தாள். தன் அறையிலிருந்து சர்க்கரை டின்னையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் கொண்டுவந்தாள். நான் ஒரு பிடி அள்ளி வாயில் திணிக்கப் போனேன்.

"பொறை ஏறிடும்மா. கொஞ்சமா வைங்க" என்று என் கையைப் பிடித்தாள். கொஞ்சம் சர்க்கரையைக் கன்னத்துக்கு உள்பக்கம் தடவினேன். காத்திருந்தோம். இன்னும் கொஞ்சம் தடவினேன். மேனேஜர் வாசலில் நின்று ஆட்டோவுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது, எழுந்து போய்ச் சாத்த யாருக்கும் தோன்றவில்லை.

நாக்கு அசைந்தது. தொண்டைக் குழி ஏறி இறங்கியது. சர்க்கரைத் தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் கண் என் மேல் வந்து நின்றது.

"இங்கிருந்து கடல் நல்லாத் தெரியுது, பாத்தியா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஓவென்று அழுதேன், வெட்கமில்லாமல்.

ஆட்டோவில் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், ரத்தம் பார்த்து, அங்கேயே சாப்பிட வைத்து, ஆபத்து தாண்டிவிட்டது என்று நர்ஸ் சொன்ன பிறகு திரும்பி வந்தோம். வழியில் நடந்ததைச் சொன்னார். படியில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, ஈரப் படியை மிதித்து அழுக்காக்கக் கூடாது என்று செருப்பைக் கீழே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஜன்னலைத் திறந்து தரையில் உட்கார்ந்து கடலைப் பார்த்திருக்கிறார். தாழ்ப்பாள் விழுந்தது கேட்கவில்லை. கண் இருட்டியபோது எழுந்து வந்து கதவைத் தட்டியிருக்கிறார், கூப்பிட்டிருக்கிறார், பிறகு காற்றாவது வரட்டும் என்று ஜன்னலுக்கே தவழ்ந்து போயிருக்கிறார்.

"உங்களை எங்க போக வேண்டாம்னு சொன்னேன்?"

"கடலுக்குப் போகாதேன்னு சொன்ன. மாடிக்குப் போகாதேன்னு சொல்லலையே" என்றார். உயிர் பிழைத்து வந்த மனுஷனை அடிக்க முடியுமா?

லாட்ஜுக்கு வந்தால், சாவி அக்கா ஸ்டோர் ரூமில் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டாராம் மேனேஜர். ஆணியிலிருந்த மகளின் துண்டு மூட்டையின் மேல் இருந்தது. அதே நேரம் அவள் மகளிடமிருந்து போன் வந்தது. எடுத்து, "ஒண்ணுமில்லடி, வேலை ஜாஸ்தி. நீ வாடி, வர்ற அன்னிக்கு நான் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துடறேன்" என்றாள். எந்த வீட்டுக்குக் கூட்டிப்போவாள் என்று அவளுக்கே தெரியாது.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அந்தச் சாய்ந்த கூரையில் தலை இடித்தது.

"கண்ணு எங்கடி போச்சு உனக்கு?" என்று கேட்டேன். காலையிலிருந்து அடக்கிவைத்ததெல்லாம் வெளியே வந்தது. "ஒரு எட்டு உள்ள எடுத்து வெச்சுப் பாத்திருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? எம்புருஷன் செத்திருந்தா உன் சாவிக் கொத்தை வெச்சு நான் என்ன பண்ணுவேன்?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். "தப்புதாம்மா" என்றாள், அவ்வளவுதான். என் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற இவர், "வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி கண்ணாடி பாக்கணும்மா. அது தப்புதான்" என்றார். "தப்புதாங்கய்யா" என்று அவரிடமும் சொன்னாள்.

திட்டி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நேராக மேனேஜரிடம் போனேன்.

"அவளை எதுக்குத் தம்பி அனுப்பறீங்க?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? உங்க வீட்டுக்காரரை..."

"அந்தச் செருப்பை நான்தான் எடுத்து வெச்சேன்னு அவ வாயைத் திறக்கலைன்னா, இந்த நேரம் நீங்க எங்க தேடிக்கிட்டிருப்பீங்க? அந்தப் பள்ளத்துலதானே? வாயை மூடிக்கிட்டிருந்தா அவ வேலைக்கு எந்தக் குறையும் வந்திருக்காது. எம்புருஷன்தான் வந்திருக்க மாட்டாரு." மேனேஜர் பேச வாயெடுத்தார். நான் விடவில்லை. "மாடியில ஃபியூஸைப் புடுங்கி பெல் அடிக்காமப் பண்ணினது அவளா? வாசல்ல உக்காந்து தூங்கினது அவளா? அவளை அனுப்பினா நான் இதையெல்லாம் ரோட்டுல நின்னு சொல்லுவேன். எனக்குத் தொண்டை எப்படின்னு காலைல கடற்கரையில கேட்டிருப்பீங்க."

அவர் பேப்பரை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். "சரிம்மா. இருக்கட்டும்" என்றார் கடைசியில்.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அவளிடம் போய், "மூட்டையைப் பிரி" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்கு வந்துவிட்டேன். அவள் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை, பார்த்தால் மறுபடி திட்டுவேன்.

வெயில் இறங்கியது. இவர் தூங்கிக்கொண்டிருந்தார். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மேலே சாவிச் சத்தம் கேட்டது, சாயங்காலக் காற்றுக்குத் திறந்ததைச் சாத்தப் போயிருக்கிறாள். முதல் அறை. தாழ்ப்பாள் விழும் என்று காத்திருந்தேன். அதற்குப் பதில் அவள் குரல் வந்தது.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

கொஞ்சம் இடைவெளி. மெத்தையை நகர்த்துகிற சத்தம். பிறகுதான் தாழ்ப்பாள். அடுத்த அறை. "உள்ள யாராவது இருக்கீங்களா?" மறுபடி அதே இடைவெளி, அதே மெத்தைச் சத்தம், தாழ்ப்பாள். வாசலில் மேனேஜர் சிரிப்பது கேட்டது. "அக்கா, மேல பேய்தான் இருக்கு, பதில் சொல்லப் போகுது" என்றார். அவள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு கதவாகக் கேட்டுக்கொண்டே போனாள்.

கடைசி அறை வந்தது. கேட்டாள். மெத்தையை நகர்த்தினாள். தாழ்ப்பாள் விழவில்லை. மறுபடி கேட்டாள், "யாராவது இருக்கீங்களா?" இந்தத் தடவை குரல் உடைந்திருந்தது. வெறும் அறைதான், அவளுக்கும் தெரியும். ஆனாலும் சாத்தக் கை வரவில்லை போலிருக்கிறது.

நான் எழுந்து மாடிப்படிக்குக் கீழே போய் நின்றேன்.

"கீழதான் இருக்கோம்" என்று சத்தமாகச் சொன்னேன். "ரெண்டு பேரும் இருக்கோம்."

மேலே சாவிக் கொத்து ஒரு தடவை குலுங்கியது. பிறகு தாழ்ப்பாள் விழுந்தது.